சர்வீஸ் புத்தகத்தில் பிறந்தவர்

பே கோபுரத் தெரு, திருவண்ணாமலை
4-8-1974

மதிப்புக்குரிய மாமா கோதண்டராமன் அவர்களுக்கு, ஆதிமூலம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பச்சையம்மாளும் நன்றாக இருக்கிறோம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? பெங்களூர் குளிருக்கு ஜாஸ்தியாகும் என்று இங்கே சொல்கிறார்கள்.

ரயில்வே கேட்டை விட்டு வந்து பதிமூன்று மாதம் ஆகிறது. இன்னும் பாசஞ்சர் கூவும் சத்தம் கேட்டால் கால் தானாக எழுந்துகொள்கிறது.

ஒரு விஷயம். ஸ்டேஷனில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஜினதாசன் நேற்று வீட்டுக்கு வந்தார். புது உத்தரவு வந்திருக்கிறதாம். எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததும், அதற்கு ஈடாக சர்க்கார் போட்டதும் சேர்த்து, ஓய்வு பெறும்போது சேமநிதியாக மொத்தமாகக் கொடுத்தார்கள் அல்லவா? அப்படி வாங்கியவர்களில், சென்ற வருஷம் ஜனவரிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் சர்க்கார் பங்கை மட்டும் திருப்பிக் கட்டினால் பென்ஷனுக்கு மாறிக்கொள்ளலாம். டிசம்பர் 31 கடைசி நாள்.

என் பங்கு கூரை மாற்றியதிலும் மகள் கஸ்தூரியின் கல்யாணக் கடனிலும் போய்விட்டது. சர்க்கார் பங்கு ரூ. 4,380. கட்டினால் எனக்கு மாதம் எண்பத்து நாலு ரூபாய் வரும் என்று ஜினதாசன் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டில் ரயில் வரும் நேரத்தில் தண்டவாளத்தில் நிற்கும் எருமையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "உங்க மாமா பென்ஷன் வாங்கறவர்தானே, அவருக்காவது ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

பச்சையம்மாளுக்கு ஒரு ரேடியோ வாங்கினேன். ராமேசுவரம் போய் வந்தோம். அக்காவுக்கு எங்கள் வணக்கம்.

அன்புள்ள,
ஆதிமூலம்

*

ஸ்ரீராமபுரம், பெங்களூர்
13-8-1974

சிரஞ்சீவி ஆதிமூலத்துக்கு, மாமா கோதண்டராமன் ஆசி கூறி எழுதுவது. உன் அக்கா தங்கம்மாளுக்கு வலது முழங்கால் தேவலை. இடது முழங்கால் இப்போது ஆரம்பித்திருக்கிறது. நான் கல் மாதிரி இருக்கிறேன்.

மச்சான், நீ ரயில் வந்தால் மாட்டு வண்டியை நிறுத்துவாய் என்று தெரியும். வாசல் வரை வந்த லட்சுமிக்கும் கேட்டைப் போட்டு நிறுத்துவாய் என்று தெரியாது.

என்னைப் பார். முப்பத்து நாலு வருஷம் தபால்காரனாக நடந்தேன். இன்று முதல் தேதி என்றால் காலை ஒன்பதே காலுக்கு வரிசையில் நிற்பேன். பத்தரைக்குத் தொண்ணூற்றாறு ரூபாய் கையில். மகன் வீட்டில் இருக்கிறேன் என்றாலும் அவனிடம் கை நீட்டியதில்லை. காலையில் தபாலாபீஸ் பக்கம் உலாவப் போவேன். பழைய சிநேகிதர்களோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருவேன். ராஜா மாதிரி இருக்கிறேன்.

உன் பணம் எத்தனை நாளைக்கு? மொத்தமாக வாங்கிய பணம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர். ரேடியோ, ராமேசுவரம் என்று இப்போதே ஒழுக ஆரம்பித்துவிட்டது. பென்ஷன் நீ உள்ளவரை வரும். அதோடு நின்றுவிடாது. உனக்குப் பின் பச்சையம்மாளுக்கு மாதம் அறுபது ரூபாய், அவள் ஆயுசு வரை. மொத்தப் பணத்தில் அது கிடையாது. பிள்ளை இல்லாத வீடு. பெண்ணைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறாய். நாளைக்கு அவள் மருமகன் வாசலில் போய் நிற்க வேண்டுமா?

உன் அக்கா பக்கத்தில் நின்று, "அவனுக்குப் புத்தி எப்பவும் கம்மிதான், ஆனா பிடிவாதம் ஜாஸ்தி. அதட்டி எழுதுங்க" என்கிறாள். அதட்டியாகிவிட்டது. உடனே விண்ணப்பம் கொடுத்துவிட்டு எனக்கு எழுது.

உன் நலம் விரும்பும்,
கோதண்டராமன்

*

திருவண்ணாமலை
20-9-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கு, ஆதிமூலம் வணக்கம். எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். பச்சையம்மாளை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார். "இவங்களுக்கு ஒண்ணுமில்லையே, எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

தாங்கள் எழுதியதெல்லாம் நியாயம். ஆனால் நான் தீர யோசித்துத்தான் முடிவு செய்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு மொத்தப் பணமே லாபம். அந்த அறுபது ரூபாயைப் பொறுத்தவரை, அது பச்சையம்மாளுக்குத் தேவைப்படாது. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஏரியில் தண்ணீர் இல்லை. அக்காவின் இடது முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கவும்.

அன்புள்ள,
ஆதிமூலம்

*

திருவண்ணாமலை
25-9-1974

தங்கம்மா அண்ணிக்கு பச்சையம்மா கும்பிட்டு சொல்றது. எதிர்வீட்டு டீச்சர் ராஜம்மாகிட்ட சொல்லி எழுதறேன். நான் சொல்றதை அப்படியே எழுதணும், திருத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நீங்க, அண்ணன், புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கீங்களா?

அண்ணி, உங்க தம்பி என்கிட்ட ரொம்ப நல்லா நடந்துக்கறாரு. எனக்கு பயமா இருக்குது.

முப்பத்தஞ்சு வருஷமா நான் இன்னா சேலை கட்டியிருக்கேன்னு கேட்டா சொல்லத் தெரியாத மனுஷன். போன வருஷத்துலேர்ந்து தண்ணிக் குடத்தை என் இடுப்புலேர்ந்து புடுங்கி அவரே தூக்கிக்கினு வராரு. தெருவே பார்த்து சிரிக்குது. பண்டிகை இல்ல, ஒண்ணு இல்ல, சேலை வாங்கியாந்தாரு. மூக்குக்கு எட்டுக்கல் பேசரி போட்டுட்டாரு, தொள்ளாயிரம் ரூபாயாம். சண்டை போட்டா பதிலுக்கு சண்டை போட மாட்டேங்கறாரு. குழம்புல உப்பு ஜாஸ்தியா போட்டுப் பார்த்தேன். "நல்லா இருக்குது பச்சை"ன்னு சாப்பிட்டாரு.

போன வாரம் மத்தியானம் சும்மா கண்ண மூடிப் படுத்திருந்தேன். மூக்குகிட்ட இன்னாவோ ஊர்ற மாதிரி இருந்துச்சு. கண்ணத் தொறந்தா விரலை நீட்டிக்கினு உக்காந்திருக்காரு. "இன்னாய்யா"ன்னேன். "ஈ"ன்னாரு. ஈ இல்ல அண்ணி. மூச்சு வருதான்னு பார்க்கறாரு.

ஒரு ஆம்பளை இப்டி மாறினா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, எங்கியாவது இன்னொரு குடும்பம். அடிக்கடி அடி அண்ணாமலை பக்கம் போயிட்டு வராரு. இல்லாட்டி ஏதோ தப்பு பண்ணிட்டாரு, போலீசு வரப் போகுது. எதுவா இருந்தாலும் அண்ணனை விட்டு கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
பச்சையம்மாள் (கைநாட்டு)

பின்குறிப்பு: எழுதியவள் சொல்வது. என் வீட்டுக்காரரும் இதைப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த விரல் விஷயம் சரியில்லை. ராஜம்மாள்.

*

பெங்களூர்
3-10-1974

ஆதிமூலத்துக்கு, கோதண்டராமன் எழுதுவது. நாங்கள் சுகமாக இல்லை. உன் அக்கா இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறாள். முதல் வரியில் சிரஞ்சீவி போடவில்லை, கவனித்திருப்பாய். வேண்டுமென்றுதான் போடவில்லை.

பச்சையம்மாளுக்கு அறுபது ரூபாய் தேவைப்படாது என்று எழுதினாய். அப்படியானால் யாருக்குத் தேவைப்படும்? அடி அண்ணாமலையில் யார் இருக்கிறார்கள்? ஐம்பத்தொன்பது வயதில், ஓய்வு பெற்ற கேட் கீப்பருக்கு இது அடுக்குமா? தபால்காரனாக நான் ஆயிரம் வீட்டு வாசலில் நின்றவன். ஒரே ஆளுக்கு இரண்டு விலாசம் இருந்தால் கடிதத்தைத் தொட்டாலே எனக்குத் தெரியும்.

உன் அக்கா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "அவனை இங்க வரச் சொல்லுங்க. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள வரச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்."

உண்மையை எழுது.

கோதண்டராமன்

*

திருவண்ணாமலை
3-11-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கு, ஆதிமூலம் வணக்கம். உடம்பு சுகம். ஒரு மாதமாக ஐந்து தடவை எழுதி ஐந்தையும் கிழித்தேன். இதைப் படித்ததும் தாங்களும் கிழித்துவிட வேண்டும். அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

தாங்கள் சிரஞ்சீவி போடாதது எனக்கு வருத்தமில்லை. போட்ட கடிதங்கள்தான் உறுத்தின.

அடி அண்ணாமலையில் யாரும் இல்லை. அங்கே கோயிலில் பச்சையம்மாள் பேரில் விளக்குப் போட்டு வருகிறேன்.

நடந்தது இதுதான். சென்ற வருஷம் மே மாதம், மொத்தப் பணமா பென்ஷனா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆபீசிலிருந்து தாள் வந்தது. எத்தனை வருஷம் உயிரோடு இருப்போம் என்று தெரிந்தால்தானே எது லாபம் என்று சொல்ல முடியும்? ஜினதாசனைக் கேட்டேன். அது ரூல் புத்தகத்தில் இல்லை என்றார். எனவே தேரடித் தெருவில் ஒரு ஜோசியரிடம் போனேன். கெட்டிக்காரர், நிறைய பேர் போகிறார்கள். எனக்கு ஜாதகம் கிடையாது. பிறந்த தேதியும் நேரமும் கேட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போய் என் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதித் தரச் சொன்னேன். பிறந்தது 1-7-1915. நேரம், அதே பக்கத்தில் முற்பகல் என்று போட்டிருந்தது. கொண்டு போய்க் கொடுத்தேன்.

மூன்று நாள் கணித்தார். எனக்கு அறுபத்தொன்று முடிய ஆயுள். அதாவது 1976 ஜூன். பிறகு, "உங்க வீட்டம்மா அதுக்கு முன்னாடியே மஞ்சள் குங்குமத்தோட போயிடுவாங்க. கொடுத்து வெச்சவங்க" என்றார்.

கணக்குப் போட்டேன். மூன்று வருஷம், மாதம் எண்பத்து நாலு, மூவாயிரத்து இருபத்து நாலு ரூபாய்தான் வரும். மொத்தமாக வாங்கினால் 4,380. அவளுக்குப் பின் அறுபது ரூபாய்க்கு வேலையும் இல்லை. மொத்தப் பணம் என்று கையெழுத்துப் போட்டேன். அவள் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அன்புள்ள,
ஆதிமூலம்

*

பெங்களூர்
7-11-1974

சிரஞ்சீவி, சிரஞ்சீவி, சிரஞ்சீவி ஆதிமூலத்துக்கு, மாமாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் மிக சுகம். உன் அக்கா சிரித்ததில் இரண்டு முழங்காலும் ஆடிவிட்டன.

ஆமாம், படித்துக் காட்டிவிட்டேன். கிழிக்கவும் இல்லை. நல்ல வேளை.

அவள் சொல்வதை எழுதுகிறேன், கவனமாகப் படி.

"நீ பொறந்தது விஷக் காய்ச்சல் ஊரையே வாரிக்கினு போன வருஷம், ஐப்பசி மாசம். மாடு மேய்ச்சல்லேர்ந்து திரும்பற நேரம். எனக்கு எட்டு வயசு. காய்ச்சல்ல கெடந்த அம்மாகிட்டேர்ந்து உன்னை வாங்கி நான்தான் மடியில வெச்சிருந்தேன்."

அந்தக் காய்ச்சல் வந்தது 1918. உன் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பது 1915. எப்படி? அதுவும் அவளுக்குத் தெரிகிறது. உன்னை வேலைக்குச் சேர்க்கக் கூட்டிப் போனபோது உனக்குப் பதினைந்துகூட முடியவில்லை. பதினெட்டு ஆக வேண்டும் என்றார்கள். உன் அப்பா ஆகிவிட்டது என்றார். நீ ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டினாயாம். குமாஸ்தா ஒத்துக்கொண்டு, அன்றைய தேதியிலிருந்து பதினெட்டைக் கழித்துப் பிறந்த தேதி என்று எழுதிவிட்டார். நீ வேலையில் சேர்ந்தது 1-7-1933 தானே? உனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை?

முற்பகல் என்பது நீ பிறந்த நேரம் இல்லையடா மச்சான். அன்றைக்கு முற்பகலில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று அர்த்தம். எல்லா சர்க்கார் புத்தகத்திலும் இருக்கும். என்னுடையது பிற்பகல்.

ஆக, ஜோசியர் மேல் தப்பில்லை. பிறக்காத ஒரு ஆளுக்கு மூன்று நாள் உட்கார்ந்து ஆயுள் கணித்திருக்கிறார். அந்த ஆளுக்கு மனைவி எப்போது போனால் உனக்கென்ன? போகட்டும், 1976இல் அந்த ஆளும் போகட்டும்.

நீ மூன்று வருஷம் முன்னதாகவே ஓய்வும் பெற்றுவிட்டாய். அதை இப்போது வெளியில் சொல்லாதே. ஐம்பத்தாறு வயசுக்காரன் நீ. இருபது வருஷம் சாப்பிட வேண்டும். அவளும்தான். டிசம்பர் 31க்கு இன்னும் ஐம்பத்து நாலு நாள் இருக்கிறது. கையில் எவ்வளவு மிச்சம், எழுது.

கோதண்டராமன்

*

திருவண்ணாமலை
3-12-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கும் அக்காவுக்கும், ஆதிமூலம் வணக்கம். தீபக் கூட்டம் நேற்றுத்தான் வடிந்தது. நான் சுகம். பச்சையம்மாளும் சுகம், ஆனால் என்னோடு பேசுவதில்லை.

தங்கள் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவள் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். ராஜம்மாள் டீச்சர் நிறுத்தி நிறுத்திப் படித்திருக்கிறார். பள்ளிக்கூடப் பழக்கம். நான் குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், நடுவீட்டில் கைகட்டி நிற்கிறாள்.

"குடத்தை அப்டி வை. நான் எப்பய்யா சாகறேன்?"

"பச்சை, அது..."

"தேதி சொல்லுய்யா. உனக்கு எழுபத்தாறுன்னு இருக்குது. எனக்கு எந்த வருஷம்?"

"அதுக்கு முன்னாடின்னு மட்டும்தான் சொன்னாரு."

"அதான் மூக்குல விரல் வெச்சுப் பார்த்தியா? வண்டி வந்துடுச்சா, கேட்டைப் போடலாமான்னு?"

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். "நீ நல்லா இருக்கணும்னுதான் பண்ணேன்" என்றேன். "ஒன்றரை வருஷமா எனக்குக் கருமாதிச் செலவு பண்ணிக்கினு இருந்திருக்க. அது தெரியாம நான் பேசரியப் போட்டுக்கினு கோயிலுக்குப் போயிருக்கேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்தவள், நடுவில் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்து பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது கணக்கு. 4,380 கட்ட வேண்டும். சென்ற வருஷம் ஜூலையிலிருந்து பதினெட்டு மாதப் பென்ஷன் பாக்கி 1,512ஐ அதில் கழித்துக்கொள்வார்கள் என்று ஜினதாசன் கேட்டு வந்து சொன்னார். மீதி 2,868. தபாலாபீஸ் புத்தகத்தில் 1,700 இருக்கிறது. ரேடியோவைக் கொடுத்தால் இருநூறு. மருமகன் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை விற்ற பணத்தில் முந்நூறு தருகிறேன் என்றான். பேசரியை விற்கலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். பச்சையம்மாளும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள்: "அது அபராதம். என் மூக்குலயேதான் இருக்கும்."

இன்னும் 668 குறைகிறது.

சரியான பிறந்த நேரத்தைக் கொடுக்கலாம் என்று தேரடித் தெரு வரை போனேன். ஜோசியர் வாயைத் திறந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்புள்ள,
ஆதிமூலம்

*

பெங்களூர்
11-12-1974

சிரஞ்சீவி ஆதிமூலத்துக்கு, மாமா ஆசி கூறி எழுதுவது. யாவரும் நலம். இத்துடன் ஐந்நூறு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். திருப்பித் தருவது உன் வசதிப்படி. கடிதத்தை இத்துடன் முடித்திருப்பேன்.

உன் அக்கா முடிக்க விடவில்லை. பணம் எப்படி வந்தது என்று எழுதச் சொல்கிறாள். எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவளுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் வரி நீளம் தெரியும். பக்கத்திலேயே நிற்கிறாள்.

நான் காலையில் தபாலாபீசுக்குப் போவது உலாவுவதற்கு அல்ல. வராந்தாவில் உட்கார்ந்து மணியார்டர் பாரம் எழுதிக் கொடுக்கிறேன். ஒன்றுக்குப் பத்துப் பைசா. கடிதத்துக்குக் கால் ரூபாய். தொண்ணூற்றாறு ரூபாயில் வாடகைக்குப் பாதியும், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மீதியும் மகனிடம் கொடுத்துவிட்டால், மூக்குப்பொடிக்கு மிஞ்சுவதில்லை. இந்த ஐந்நூறும் ஆறு வருஷப் பாரம்.

உன் அக்கா சொல்கிறாள்: "பென்ஷன்ல ராஜா மாதிரி இருக்கேன்னு எழுதினாரே, அது பொய்னு எழுதுங்க." எழுதிவிட்டேன். ராஜா இல்லை. ஆனால், மச்சான், முதல் தேதி தவறாமல் வருகிறது. பத்தாது, ஆனால் வரும். இதை நான் வாயால் ஒத்துக்கொண்டதில்லை. உனக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பத்தை நேரில் கொடு. ரசீது வாங்காமல் வராதே.

கோதண்டராமன்

*

திருவண்ணாமலை
28-12-1974

மதிப்புக்குரிய மாமாவுக்கு, ஆதிமூலம் வணக்கம். மணியார்டர் கிடைத்தது. பாரத்தில் இருந்த எழுத்து மிக அழகாக இருக்கிறது என்று இங்கே தபால்காரர் சொன்னார். இங்கே சுகம்.

நேற்று விண்ணப்பத்தையும் பணத்தையும் கொடுத்துவிட்டேன். ரசீது கையில் இருக்கிறது.

கடைசியாகக் குறைந்த 168 ரூபாயைப் பச்சையம்மாள் கொடுத்தாள். பருப்பு டப்பாவிலிருந்து எடுத்து முன்னால் வைத்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஒன்றரை வருஷமா அள்ளி அள்ளிக் கொடுத்தியே, அதுல மிச்சம் புடிச்சது. உன்னை போலீசு புடிச்சா ஜாமீனுக்குன்னு வெச்சிருந்தேன்" என்றாள். இருபத்து நாலு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு இது.

விண்ணப்பத்தோடு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ மூன்று பிரதி வேண்டும் என்றார்கள். அவள் இதுவரை போட்டோ எடுத்ததில்லை. எதற்கு என்று ஜினதாசனைக் கேட்டாள். அவர் நேர்மையான மனிதர். "ஆதிமூலம் போன பிறகு அறுபது ரூபாய் வாங்க நீங்க வந்து நிப்பீங்கல்ல. அந்தம்மா இவங்கதானான்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டுடியோவில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போட்டோக்காரர் முருகையன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"இவரு செத்த பிறகு காட்டற படத்துல சிரிச்சிக்கினு இருந்தா நல்லாவாய்யா இருக்கும்?" என்றாள்.

முருகையன் திரும்பவும் துணிக்குள் போய்விட்டார். படத்தில் நான் சிரித்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு வணக்கம்.

அன்புள்ள,
ஆதிமூலம்

*

திருவண்ணாமலை
6-7-1975

தங்கம்மா அண்ணிக்கு பச்சையம்மா கும்பிட்டு சொல்றது. ராஜம்மாதான் எழுதுது. உங்க கால் இன்னா பண்ணுது? அண்ணன் வராந்தாவுல தரையில உக்காந்து எழுதறாராமே, கீழ ஒரு சாக்காவது போட்டுக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல.

பென்ஷன் வந்துடுச்சு. ஜினதாசன் அண்ணன் ஆறு தடவை எழுதிப் போட்டு, மூணு தடவை நேர்ல போயி, போன மாசம் புத்தகம் கைக்கு வந்துச்சு. இந்த ஒண்ணாந் தேதி முதல் தடவையா எண்பத்து நாலு ரூபா வாங்கினாரு. முன்னாடி மாச பாக்கிய தனியா கொடுத்தாங்க, அண்ணனுக்கு நூறு அனுப்பறோம்.

எண்பத்து நாலு பத்தாது அண்ணி. மளிகைக்கே முப்பது. அரிசி விக்கற விலைக்கு இருபதாந் தேதியே பானை தட்டுது. அதனால பெரிய கோயில் பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்டுல சாயங்காலம் டோக்கன் கொடுக்கப் போறாரு. நான் முறுக்கு சுட்டு டீக்கடைக்குப் போடறேன். கருமாதிச் செலவெல்லாம் நின்னு போச்சு. போன வாரம் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு தட்டத் தள்ளினாரு. எனக்கு எவ்ளோ நிம்மதின்னு உங்களுக்குப் புரியும்.

ஒண்ணு சொல்லணும். ஒண்ணாந் தேதி நானும் கூடப் போனேன். வரிசையில எல்லாம் கெழவனுங்க. பின்னாடி தனியா பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு, அறுபது வாங்கறவங்க. ஒருத்தி பேரு ஆராயி, சாவல்பூண்டிக்காரி. என்னைப் பார்த்து, "வா, இப்டி வந்து உக்காரு, புதுசா?"ன்னு நகந்து எடம் விட்டா. "இல்ல, என் வீட்டுக்காரரு அதோ வரிசையில நிக்கறாரு"ன்னு கைய நீட்டிக் காட்டினேன். காட்டின கைய கீழ எறக்கவே மனசு வரல.

மேசையில இருந்த ஆபீசரு இவரு கையெழுத்தை வாங்கிக்கினு என்னைப் பார்த்தாரு. "நீங்க எதுக்கும்மா வரீங்க? இவரு இருக்கற வரைக்கும் நீங்க வர வேண்டியதில்ல"ன்னாரு.

"அதாங்க பார்க்க வரேன்"னேன்.

அறுபது ரூபா வேணும்னுதான் அண்ணன் அம்மாம் சண்டை போட்டு எழுதினாரு. அவரு நல்லா இருக்கணும். அந்தக் காகிதம் டப்பாவுல பத்திரமா இருக்குது. ஆனா அருணாசலேஸ்வரர்கிட்ட நான் போயி தெளிவா சொல்லிட்டேன். எனக்குப் படிப்பு இல்ல, ஜோசியமும் தெரியாது. அறுபதை விட எண்பத்து நாலு ஜாஸ்தி. எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
பச்சையம்மாள் (கைநாட்டு)